பெயர் சொல்லாத மனைவி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லிக் கேட்டதுதான்.

வெள்ளத்தாயின் புருஷனை லாரி மோதிக் கொன்றுவிட்டது. இழப்பீட்டு வழக்கில் அவள் கூண்டேறிய அன்று வெளியே தூறல். ஜன்னல் வழியே ஈரமண் வாசம் மிதந்து வந்தது. மழை நாளில் அவர் சட்டையும் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்தபடி கனவில் நிற்பவள்போல நின்றாள்.

இன்சூரன்ஸ் வக்கீல் சந்தானகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"கல்யாணத்தைப் பதிவு பண்ணலை. நீ சம்சாரம்தான்னா புருஷன் பேரைச் சொல்லு பார்ப்போம்."

அவள் ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அந்தப் பெயர் அவள் நாவுக்கடியில் கற்கண்டாய்க் கரைந்துகொண்டிருந்தது.

வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா, பேரே தெரியலை! இவ சம்சாரமே இல்லை."

வெள்ளத்தாய் மெல்ல நிமிர்ந்தாள். "ஐயா, உங்க வீட்டம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

வக்கீலுக்குப் பெருமை பொங்கியது. "'என்னங்க'ன்னுதான். மரியாதை தெரிஞ்சவ. இன்னைக்கு வரைக்கும் என் பேரைச் சொன்னதே கிடையாது!"

"அடப்பாவமே! அப்ப அவங்களும் உங்க சம்சாரம் இல்லீங்களா?"

டவாலிச் சேவகர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். வக்கீல் கேஸ் கட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தீர்ப்பின் நகலைத் தேடி வாங்கிப் பார்த்தேன். இழப்பீடு 'இறந்தவரின் மனைவி வெள்ளத்தாய்க்கு' என்றிருந்தது. யாரும் சிரித்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.