தட்டில் கொட்டிய மருந்து

“மருந்து பக்கத்துல போறப்போ…” என்று தொடங்கிப் பெரியப்பா ஏதோ சொல்வார். கோயில் திருவிழாவுக்கு வேட்டுக் கட்டியவர். பூவராகனுக்கு முதல் பாதிதான் ஞாபகம். மீதி, ஆஸ்திரேலியாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடுதளத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ரெஜினா. அவனைவிட வயதில் ரொம்பவே சின்னவள். ஆனாலும் அவன் அவளை மாஸ்டர் என்றான். அவள் அவனை அண்ணே என்றாள்.

சுட்டு முடித்த காலிப் பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா செய்யும் வேலையை அவன் இப்போதுதான் தொடங்கியிருந்தான். எந்த மெஷின் வாங்குவது என்று கேட்க வந்திருந்தான்.

“கைப்பிடியோட ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யறது ஒண்ணு. இழுக்க இழுக்க முழுத் தோட்டாவே வந்து விழறது ஒண்ணு. நான் ரெண்டாவதைப் பாத்து வெச்சிருக்கேன், மாஸ்டர்.”

“அப்படி என்ன அவசரம்?”

“மகிழுக்குப் போட்டி வருது. பழக நிறைய வேணுமே.”

“அப்போ சமையல் அப்பா, சாப்பாடு பொண்ணுக்கா?” ரெஜினா சிரித்தாள். “சரி, இன்னிக்குக் கையால போடுங்க. மெஷினைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மரக்கட்டையின் குழிகளில் கூடுகள் நின்றன. புனலை வைத்து, கூட்டுக்கு ஒரு கரண்டி மருந்து விட்டுக்கொண்டே வந்தான். பாதி வரிசையில் ரெஜினா கேட்டாள்.

“மகிழ் படிப்பு முடிச்சிட்டாளா?”

அவன் நிமிர்ந்தான். “கடைசி வருஷம். எங்க, வீடு தங்கினாத்தானே படிக்கிறதுக்கு!”

சொல்லிவிட்டுக் குனிந்தான். கரண்டி தொடர்ந்தது.

வரிசை முடியும்வரை ரெஜினா கரண்டியையே பார்த்திருந்தாள். பழைய கைமெஷினில் குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினாள். உள்ளே இருப்பது இனிக் கண்ணுக்குத் தெரியாது.

“எல்லாம் ஒரே அளவுதானே, அண்ணே?”

“ஒரே அளவுதான்.”

“நிச்சயமா?”

“என்ன மாஸ்டர், என்மேல நம்பிக்கை இல்லையா?”

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். “மகிழ்! இங்க வாம்மா. அப்பா போட்ட தோட்டா.”

காதுக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியபடி மகிழ் வந்தாள். “அப்பா சமைச்சதா? வயித்தைக் கலக்குதே!” என்று உள்ளங்கையை நீட்டினாள்.

ரெஜினா வரிசையின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தாள். கொடுக்கவில்லை. விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

“சொல்லுங்க அண்ணே. கொடுக்கட்டுமா?”

பூவராகன் மகளின் கன்னத்தைப் பார்த்தான். துப்பாக்கிக் கட்டையை அழுத்தி அழுத்தி அங்கே ஒரு சின்னத் தழும்பு. பேசி முடித்துக் குனிந்தபோது கரண்டி எந்தக் கூட்டுக்கு மேலே இருந்தது? ஒரே கூட்டில் இரண்டு கரண்டி விழ இடம் இருந்தது. விழுந்திருந்தால் துப்பாக்கி அந்தக் கன்னத்தோடு சேர்ந்து வெடிக்கும்.

“அப்பா?”

ரெஜினாவின் கை மகிழின் கைக்கு மேலே வந்தது.

“வேண்டாம்!”

குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. மகிழ் கையை இழுத்துக்கொண்டாள்.

ரெஜினா தலை உள்ளீடில்லாத ஒரு சுத்தியலை எடுத்து அவனிடம் நீட்டினாள். தோட்டாவை அதன் தலைக்குள் வைத்து மேஜையில் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். அவன் தட்டினான். கொட்டிய மருந்தைத் தனியாக வைத்துவிட்டு, தராசைப் பக்கத்தில் இழுத்தான்.

“எதுக்கு?”

“ஒவ்வொண்ணா நிறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும், மாஸ்டர்.”

அவள் தராசை நகர்த்திவிட்டுத் தட்டை வைத்தாள். “எல்லாத்தையும் இதுலயே கொட்டுங்க.”

கடைசித் தோட்டாவும் கழன்றது. தட்டில் எல்லா மருந்தும் ஒன்றாகிக் கிடந்தது. இனி எதுவும் பிரியாது.

“இருந்துச்சா இல்லையா, அதையாவது சொல்லுங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“இல்லேன்னு சொன்னா, நாளைக்கும் பேசிக்கிட்டே போடுவீங்க.”

மறுவாரம் பூவராகன் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்யும் மெஷினை வாங்கினான்.