கனகாம்புஜத்தின் ஒன்ஸ்மோர்

பாட்டும் நடிப்பும் ஒருசேர வாய்த்த கனகாம்புஜம், அன்று பிள்ளையைப் பறிகொடுத்த ராணி வேஷத்தில் ஒப்பாரி பாடினாள். நாடகக் கொட்டகையே அழுதது. முன்வரிசை மிராசுதார் மட்டும் கைதட்டி, “ஒன்ஸ்மோர்” என்றார். மறுத்தால் கம்பெனி நாளைக்கே ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கனகாம்புஜம் மேடை விளிம்புக்கு வந்து கும்பிட்டாள்.

“பாடுறேன் எசமான். ஆனா ஒன்ஸ்மோர்னா காட்சியை முதல்லேர்ந்து தொடங்குறது எங்க வழக்கம். எனக்கு இந்தக் காட்சி போன வாரமே தொடங்கிடுச்சு. என் மகன் காய்ச்சல்ல கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உங்க வண்டியைக் கேட்டேன். ‘நாடகம் முடியட்டும்’னு சொன்னீங்க. நாடகம் முடியறதுக்குள்ள அவன் போயிட்டான். அங்கேர்ந்து தொடங்குவோம். இந்தத் தடவை வண்டியைக் குடுங்க.”

கொட்டகை வாசலில் மிராசுதாரின் வண்டி, மாடு பூட்டியபடி, சும்மாதான் நின்றிருந்தது.