மடிப்புக் கலையாத தோசை

சத்தியமாச் சொல்றேன். உள்ளங்கையில கற்பூரத்தைக் கொளுத்தி வச்சுக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இதுல ஒரு எழுத்து பொய்யில்லை. பொய்யா இருந்தா என் வாயில மிச்சமிருக்கிற மூணு பல்லும் இப்பவே கொட்டட்டும்.

நேத்து சாயங்காலம் அய்யாத்துரை மாவு மில்லுல நடந்தது. புட்டுக்கு ஊறவச்சு உலர்த்தின அரிசியை டின்னுல போட்டுக் கையில குடுத்தா என் வீட்டுக்காரி ஆவுடை. குடுக்கும்போதே சொன்னா: "நாளைக்குக் காலையில மருமகன் வர்றாரு. இந்தத் தடவையும் மிளகாய்க்குப் பின்னால அரைச்சுக் கொண்டுவந்தீங்க, அப்புறம் நீங்க மில்லுலயே இருந்துக்கிடுங்க."

அவ சொல்றதுல நியாயம் உண்டு. அய்யாத்துரை மில்லுல ஒரே மிஷின். மிளகாய் வத்தலும் அதுலதான், அரிசியும் அதுலதான். வத்தல் அரைச்ச கையோட எதைக் கொட்டினாலும் அது காரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் வெளியே வரும். போன ஆடியில நான் அப்படி அரைச்சுக்கிட்டுப் போன மாவுல புட்டு அவிச்சு வச்சோம். மருமகன் ஒரு வாய் தின்னாரு. வாசல் குழாயில வாயை வச்சாரு. மாடித் தொட்டி காலியாகிற வரைக்கும் எடுக்கலை. அப்புறம் ஏழு மாசம் எங்க தெருப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை.

நான் மில்லுக்குள்ள நுழையவும், அதுவரைக்கும் தூறிக்கிட்டிருந்த மழை வலுக்கவும் சரியா இருந்தது. கரண்ட் அதுக்கு முன்னாடியே போயாச்சு. மிஷினடியில இருந்து வாசல் வரைக்கும் டின்னு வரிசை. முதல் டின்னு மாடத்தியோடது. பக்கத்துல போனாலே தும்மல் வருது. வேற என்ன, வத்தல்தான். அடுத்தது ரிட்டயர்டு போஸ்ட்மேன் சிவனணைஞ்ச பெருமாளோட கோதுமை. அப்புறம் மூணு டின்னு. கடைசியில நான்.

வரிசையில முந்தணும்னா சண்டை போடக் கூடாது, கதை போடணும். கேக்கிறவன் கண்ணு நம்ம வாயில இருக்கும்போது நம்ம காலு டின்னைத் தள்ளிக்கிட்டே இருக்கலாம்.

"கரண்ட் இல்லைன்னா என்ன இப்ப?" அப்படின்னு ஆரம்பிச்சேன். "ஒருசமயம் ஆவுடை அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அன்னைக்குன்னு பார்த்து ஏழு பேரு விருந்து வந்துட்டாங்க. நான் அசரலையே! தோசை மாவு வாசலறையில இருந்தது. அலமாரியில இஸ்திரிப் பெட்டி இருந்தது. கரியைப் போட்டு, தட்டைத் துடைச்சு, மாவை ஊத்தி ஒரே இழுப்பு. ஒவ்வொரு தோசையும் நாலா மடிச்சா மடிப்புக் கலையாது. சட்டைப் பையில வச்சுக்கிட்டு கல்யாணத்துக்கே போகலாம்."

"கஞ்சி போட்டீரா, இல்லை சும்மாதானா?" அப்படின்னாரு பெருமாள்.

"ரவா தோசைக்கு மட்டும் போட்டேன்" அப்படின்னுட்டு டின்னை ஒரு முழம் தள்ளினேன். யாரும் தடுக்கலை.

"தாளிக்க வேண்டாமா? சட்டியெல்லாம் பூட்டினதுக்குள்ள. கொசு அடிக்கிற கரண்ட் பேட்டை எடுத்தேன். கடுகை ஒரு பிடி மேல வீசி ஒரே சுத்து. படபடபடன்னு வெடிச்சது பாருங்க, எதிர்வீட்டுக்காரன் தீபாவளின்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டான். அப்புறம் தச்சு ஆசாரி இழைப்புளியை வாங்கி நேந்திரங்காயை இழைச்சேன். சிப்ஸு எவ்வளவு மெல்லிசுன்னா, ஒண்ணை எடுத்துக் கண்ணுல வச்சேன், தூரப்பார்வைக் கோளாறு சரியாப் போச்சு. அந்த இருபத்தஞ்சு விருந்தாளியும்..."

"ஏழுன்னீங்க அண்ணாச்சி?" அப்படின்னு கேட்டா மாடத்தி.

"கடுகு வாசத்துக்குப் பதினெட்டுப் பேரு வந்து சேர்ந்துட்டாங்கம்மா. குறுக்க பேசாதே."

இதுக்குள்ள என் டின்னு மூணு பேரைத் தாண்டியாச்சு. மூணு பேரும் கதையில சொக்கிப்போய், அவங்களே டின்னை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாங்க. என் வாய்ச் சாமர்த்தியத்தை நினைச்சு எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

"அடுத்து பூரி. பூரி உப்பலைன்னா பொம்பளைங்க என்ன பாடு படுறாங்க! நான் சைக்கிள் பம்பை எடுத்தேன். ஒவ்வொரு பூரிக்கும் நாலே அடி. ஒரு பூரிக்கு மட்டும் ஞாபக மறதியா நாப்பது அடிச்சுட்டேன். அது தட்டோட கிளம்பிருச்சு. ஓட்டைப் பிச்சுக்கிட்டு மேல போகுது. என் மச்சினன் ஒருத்தன் பசி தாங்காம அதைப் பிடிச்சுத் தொங்கினான். ரயில்வே கேட்டுக்கு மேல போறப்ப ஒரு கடி கடிச்சான் பாருங்க, காத்து இறங்கி, அங்கேயே கேட் கீப்பர் வீட்டு முற்றத்துல மெதுவா வந்து நின்னான். அந்த வீட்டுப் பொண்ணைத்தான் பின்னால கட்டினான்."

"உம்ம மச்சினனுக்குக் கல்யாணமே ஆகலையேவே! நான்தானே அவனுக்கு முப்பது வருசம் லெட்டர் குடுத்தேன்?" அப்படின்னாரு பெருமாள்.

"அது பெரிய மச்சினன். இது பூரியில போன மச்சினன்."

பெருமாள் தலையில அடிச்சுக்கிட்டாரு. ஆனா தன் கோதுமை டின்னைத் தூக்கிப் பின்னால வச்சுக்கிட்டாரு. நான் அவரையும் தாண்டினேன். இனிமே மாடத்தி டின்னு ஒண்ணுதான். அதுக்குப் பெரிய கதையா வேணும்.

"கடைசியா இடியாப்பம்" அப்படின்னு குரலை இறக்கினேன். "அறுநூறு பேருக்கு உரல்ல பிழிய முடியுமா?"

"அறுநூறா?" அப்படின்னு நாலு பேரு ஒண்ணாக் கேட்டாங்க.

"பூரி பறந்ததைப் பார்த்துட்டு மூணு ஊரு திரண்டு வந்துட்டது. நான் மாடித் தொட்டியில மாவைக் கரைச்சு ஊத்தினேன். குழாய் வாயில பூவாளி மூடியைத் திருகி மாட்டினேன். மோட்டரைப் போட்டேன். குபுகுபுன்னு இடியாப்பம். முதல்ல எங்க வீட்டுக் குழாயில. அப்புறம் எதிர்வீட்டுல. அப்புறம் தெருக் குழாயில. குடத்தோட வந்த பொம்பளைங்க தேங்காய்ப்பால் வாங்க ஓடினாங்க. ஒரு இழை மட்டும் அறுபடவே இல்லை. அது பாட்டுக்கு நெடுஞ்சாலையில போகுது. அந்த முனையில ஒரு லாரி டிரைவர் சீனி போட்டு உறிஞ்சுறான், இந்த முனையில நான் உறிஞ்சுறேன். பாதி வழியில டோல்கேட்டுல ரெண்டு பேரு மூக்கும் மோதிக்கிச்சு. இந்தா, தழும்பு!"

மாடத்தி எழுந்து கிட்ட வந்து என் மூக்கைப் பார்த்தா. "ஆமா அண்ணாச்சி, தழும்பு தெரியுது. நீங்க நல்லா முன்னால வாங்க. இங்க வாங்க" அப்படின்னு அவளே தன் டின்னை ஓரமா இழுத்துட்டு, என் டின்னைத் தூக்கி மிஷினடியில வச்சா.

அந்த நிமிஷம் கரண்ட் வந்தது. சாமியே பார்த்து அனுப்பின கரண்ட்! அய்யாத்துரை பெல்ட்டை மாட்டினான். யாராவது முழிச்சுக்கிறதுக்குள்ள அரிசியை நானே முழுசாக் கொட்டினேன். மிஷின் கடகடன்னு ஓடி, கீழே மாவு வந்தது.

சிவப்பா வந்தது.

"ஏலே அய்யாத்துரை! என்னலே இது?"

"என்ன அண்ணாச்சி, தெரியாதா? மாடத்தியக்கா வத்தல் அரைச்சு முடிக்கவும் கரண்ட் போகவும் சரியா இருந்தது. பொடி நனைஞ்சிரும்னு மழை விடுறதுக்கு உக்காந்திருந்தாங்க. வத்தலுக்கு அடுத்து யாரு கொட்டுறதுன்னு மத்த நாலு பேருக்கும் ஒரு மணி நேரமாப் பஞ்சாயத்து. நல்லவேளை, நீங்க வந்தீங்க."

பெருமாள் கோதுமை டின்னைத் தூக்கிக்கிட்டு என் தோளைத் தட்டினாரு. "கதை பிரமாதம்வே. இன்னொரு கதை இருந்தா சொல்லிக்கிட்டே ஓரமா நில்லும். காரம் போயிருச்சு, என் கோதுமையைக் கொட்டணும்."

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஆவுடை டின்னைத் திறந்ததும் நானே முந்திக்கிட்டேன்: "இது மாப்பிள்ளைச் சம்பா. ராஜாக்கள் சாப்பிட்டது. அரைக்க அரைக்கச் சிவக்கும். வாசனையே கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்."

அவ ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சா. கண்ணுல தண்ணி முட்டிச்சு. உள்ளே போனா. ஒரு பாயும் கொசு பேட்டும் கொண்டுவந்து என் கையில குடுத்தா.

"மில்லுல கொசு ஜாஸ்தி. மருமகன் போனதும் சொல்லி அனுப்புறேன்."

இதை அய்யாத்துரை மில்லு மூட்டை மேல உக்காந்துதான் எழுதுறேன். மருமகன் வந்துட்டாராம். ஆவுடை கடையில ரவை வாங்கி உப்புமா கிண்டிப் போட்டாளாம். நீங்க படிச்சது உங்களோட இருக்கட்டும். யாரு சொன்னான்னு யாராவது கேட்டா, யாரோ ஒரு லாரி டிரைவர் சொன்னான்னு சொல்லிருங்க. என் பேரை மட்டும் எடுத்துராதீங்க.

எழுத ஆரம்பிச்சப்ப மூணு பல்லு இருந்தது. இப்ப ரெண்டுதான் இருக்கு. அது முந்தியே ஆடிக்கிட்டிருந்த பல்லு.