காவலுக்கு ஒருத்தர் போதும்

பொத்தைக்குளத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் கண்டபடி பேசுவார்கள். அதையெல்லாம் நம்பாதீர்கள், நிஜம் அதைவிட மோசம். அந்த ஊரிலேயே கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த குடும்பம் ஒன்று உண்டு. அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் குத்தாலிங்கம், அடுத்தவர் சொரிமுத்து, கடைசி பாபநாசம். மூவருக்கும் சேர்த்து ஒரே தங்கை, உலகம்மை. மூளையும் மூவருக்கும் சேர்த்து ஒன்றுதான், அதையும் கடவுள் பத்திரமாகத் தங்கையிடம் கொடுத்து வைத்திருந்தார்.

இவர்களிடம் ஒரு வழக்கம். யாராவது ஏதாவது யோசனை சொன்னால் ஒருத்தரே முழுவதையும் மனதில் சுமக்க மாட்டார்கள். ஆளுக்கொரு வாக்கியமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் வாக்கியத்தில் இன்னொருத்தர் தலையிடுவது மரியாதை இல்லை. இதனாலேயே உலகம்மைக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. பேசப் போனவர்கள் அண்ணன்மார் அல்லவா!

இப்போது மஸ்கட்டில் வேலை பார்க்கும் இசக்கியப்பனின் ஜாதகம் பொருந்தியிருந்தது. போட்டோவில் அவன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். அந்த முகம் உலகம்மைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ காலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

கம்ப்யூட்டரோ சீக்கு வந்து கிடந்தது. திறந்தால் போதும், 'உங்களுக்குக் கார் பரிசு' என்று ஒரு விளம்பரம் வந்து குதிக்கும். அதை மூடினால் நாலு வரும். சொரிமுத்து அதை நம்பி, வருகிற கார்களுக்காக வீட்டுப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையே போட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை முகம் தெரியிற நேரத்துல இந்தக் கார் வந்து குறுக்க நின்னா என்ன செய்ய? நல்ல ஆன்டிவைரஸாப் பாத்துப் போட்டுட்டு வாங்கண்ணே" என்றாள் உலகம்மை.

மூவரும் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, டவுனில் ஜெபராஜ் கடைக்குக் கொண்டு போனார்கள். கண்ணாடி அலமாரியில் ஆன்டிவைரஸ் டப்பா இரண்டு இருந்தன, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"ரெண்டையும் குடுங்க. பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு" என்றார் குத்தாலிங்கம்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. இவன் அவனைத் திருடன்னு பிடிப்பான், அவன் இவனைத் திருடன்னு பிடிப்பான். நிஜத் திருடன் சாவகாசமா உள்ள போயிட்டு வருவான்" என்றார் ஜெபராஜ். "உங்க மெஷின் வேற பழசு. புதுசா வந்திருக்க சிவப்பை இது தாங்காது. நீலந்தான் ஒத்துவரும். நானே போட்டுத் தாரேன். நீங்க மூணு விஷயத்தை மட்டும் மறந்துராதீங்க."

மூன்று என்றதும் அண்ணன் தம்பிகளுக்கு உச்சி குளிர்ந்தது. பங்கு போட்டால் மிச்சம் வராது.

'காவலுக்கு ஒண்ணுதான் இருக்கணும், புதுசு வந்தா பழசை எடுத்துரணும்' என்பது குத்தாலிங்கத்தின் பங்குக்கு வந்தது. 'தெரியாதவங்ககிட்ட இருந்து எது வந்தாலும் திறக்கக் கூடாது' என்பது சொரிமுத்துவுக்கு. 'புதுசு போட்டா ஒரு தடவை அணைச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அப்பத்தான் வேலை செய்யும்' என்பதைப் பாபநாசம் வாங்கிக்கொண்டார். வாய்க்குள் முணுமுணுத்தபடியே வீடு வந்து சேர்ந்தார்கள்.

வந்ததும் குத்தாலிங்கம் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தார். மேலே ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் இருந்தது.

"ஏலே, இங்க ஏற்கெனவே ஒருத்தர் காவலுக்கு இருக்காரே!"

"அவரு சாமில்லா அண்ணே?" என்றார் சொரிமுத்து.

"சாமி வேற என்ன வேலைக்கு இருக்காரு? காவலுக்குத்தானே. புதுசு இவரைத் திருடன்னு பிடிச்சிருச்சின்னா பாவம் யாருக்கு?"

அது நியாயமாகப் பட்டது. தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டு, பிள்ளையாரை அரிசிப் பானைக்கு மாற்றினார்கள். வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் போயின. வீட்டு நாய் கருப்பனுக்கும் காவல்தான் உத்தியோகம் என்பதால் அதைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கருப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

பாபநாசம் அன்றைக்குப் புதுச்செருப்பு போட்டிருந்தார். தெருமுனை வரை போனவருக்குத் தன் வாக்கியம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, விளக்கை அணைத்துப் பாயில் படுத்தார். பிறகு எழுந்து பல் விளக்குவதிலிருந்து ஆரம்பித்துச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"இப்பத்தான் நல்லாப் பிடிக்கி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உலகம்மை பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து உட்கார்ந்தாள். ஒரு விளம்பரமும் வரவில்லை, கம்ப்யூட்டர் சுத்தமாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு மணியடித்தது. அவள் கை நீட்டுவதற்குள் சொரிமுத்து பாய்ந்து குறுக்கே நின்றார்.

"திறக்காதே! யாரு அது?"

"மாப்பிள்ளைண்ணே!"

"நமக்குத் தெரிஞ்சவரா?"

குத்தாலிங்கம் யோசித்தார். "நேர்ல பாத்ததில்லையே."

"இப்பப் பாத்தாத் தெரிஞ்சவராயிருவாருல்லா?" என்றார் பாபநாசம்.

"பாக்கணும்னா திறக்கணும். திறக்கணும்னா தெரியணும். தெரியணும்னா பாக்கணும்" என்று விரல் மடக்கினார் சொரிமுத்து. மூன்று விரலும் மடங்கிவிட்டதால் விஷயம் முடிந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. உலகம்மை அழுதே விட்டாள். சொல்லும்போது எனக்கே மனசு ஆறவில்லை, எத்தனை ஆசையாகப் பூ வைத்திருந்தாள்! "எனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணமே வேண்டாம், நீங்க மூணு பேரும் இந்தக் கம்ப்யூட்டருக்கே காவல் இருங்க" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆனால் இசக்கியப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. 'தெரியாதவன்னு எடுக்கவே இல்லையே, இவ்வளவு பத்திரமான குடும்பமா!' என்று அசந்துபோய், லீவு போட்டு நேரிலேயே வந்து கதவைத் தட்டினான்.

"யாரு?" என்றார் சொரிமுத்து உள்ளேயிருந்து.

"மஸ்கட்டுலேர்ந்து வாரேன். உங்களுக்கு என்னைத் தெரியாது."

"அப்ப திறக்க மாட்டோம்."

"சரிதான், நானா இருந்தாலும் திறக்க மாட்டேன்" என்று வெயிலில் நின்றான் இசக்கியப்பன்.

குரலைக் கேட்ட உலகம்மை புறவாசல் வழியாக ஓடி, அவனை அடுக்களைக்குள் கூட்டிவந்து காப்பி கொடுத்தாள். போட்டோவில் பார்த்த அதே முகம். அவள் சிரித்தாள், அவனும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்பத் தெரிஞ்சவராயிட்டாரு" என்றார் சொரிமுத்து. மாப்பிள்ளையைப் புறவாசல் வழியாக வெளியே அனுப்பி, முன்வாசலைத் திறந்து முறையாக வரவேற்றார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பாபநாசம் மண்டபத்து விளக்கையெல்லாம் அணைத்து, வந்தவர்களை வாசலுக்கு அனுப்பி, சந்தனம் கொடுப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். காலைப் பலகாரமும் மறுபடி கிடைத்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்த அன்றைக்கு, குத்தாலிங்கம் முகம் மட்டும் வாடிக் கிடந்தது.

"தங்கச்சிக்கு இதுவரை காவலா இருந்தது யாருலே?"

"நாமதான்."

"இப்பப் புதுசா ஒருத்தரு வந்தாச்சே. ரெண்டும் ஒரு வீட்டுல ஒத்துப்போகுமா?"

மூவருக்கும் கண் கலங்கியது. வாக்கியம் வாக்கியம்தான். வேட்டி சட்டையை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சொல்லாமல் கிளம்பினார்கள். தெருமுனை வந்ததும் பாபநாசம் நின்றார்.

"அண்ணே, புதுசு போட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்லா? நாம அந்த வீட்டுல இருந்துதானே ஆரம்பிச்சோம்?"

மூவரும் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள்.

"யாரு?" என்றான் உள்ளேயிருந்து இசக்கியப்பன்.

"நாங்கதான்" என்றார் குத்தாலிங்கம். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

சொரிமுத்து பதறிப்போனார். "மாப்ளே, திறந்துராதீங்க! நாங்கதான்னு எவன் வேணும்னாலும் வந்து சொல்லுவான்!"

"நல்ல வேளை சொன்னீங்க மச்சான்" என்று இசக்கியப்பன் தாழ்ப்பாளை மறுபடி போட்டான்.

மூவரும் டிரங்குப் பெட்டி மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். தங்கை நல்ல கையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று அவர்களுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.