மாமன்மாருக்கு வந்த மெசேஜ்

சேர்ந்தமடை பேண்டு செட்டில் மொத்தம் நாலு பேர். அதில் மூணு பேர் எதைப் படித்தாலும் அதை அப்படியே செய்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பெரிய ட்ரம் சவரிமுத்து, சின்ன ட்ரம் தாவீது, பித்தளைத் தட்டு மிக்கேல். மூணு பேரும் கூடப்பிறந்தவர்கள். நாலாவது ஆள் அவர்களுடைய அக்கா மார்த்தாவின் மகள் பிலோமின், இருபத்திரண்டு வயசு. அவள் ட்ரம்பெட்டை எடுத்து ஊதினால் கல்யாண வீட்டில் சமையல்காரர்கூட கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து பார்ப்பார். ஆனால் பத்து வயசிலிருந்து அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை. தினம் நாலு ஊசி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கவனிக்காமல் விட்டால் மயக்கம்தான்.

மார்த்தா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "ஏல, மூணு பேரும் நல்லாக் கேட்டுக்கோங்க. வாசிக்கப் போன இடத்துல எம்மவ ஒருதரம் மயங்கி விழுந்தா, அன்னைக்கே அந்த ட்ரம்பெட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். பெறவு பேண்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

பிலோமின் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மாமன்மார் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பிலோமின் தன் சர்க்கரை அளவை ஒரு நம்பருக்கு அனுப்பினால், என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் அவளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் மெசேஜ் வரும். நர்சம்மா மூணு மாமன்மாரின் நம்பரையும் வாங்கி எழுதிக்கொண்டார். பாவம், நல்ல மனுஷி.

மறுநாள் முதல் மெசேஜ் வந்தது. 'சேவையில் இணைந்ததற்கு நன்றி. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.'

"நன்றின்னு ஒருத்தர் சொன்னா, பரவாயில்லைன்னு சொல்லணுமா இல்லையா?" என்றான் தாவீது.

"சொல்லணும். ஆனா அனுப்பக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்றான் மிக்கேல்.

சவரிமுத்து ரொம்ப நேரம் யோசித்தார். "அனுப்பத்தானல கூடாது? நாம போகலாம்லா?"

மூணு பேரும் பஸ் பிடித்து நாற்பது கிலோமீட்டர் போய், வரிசையில் நின்று, நர்சம்மாவிடம் "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

இரண்டாவது மெசேஜ்: 'எங்கே சென்றாலும் இனிப்பு எடுத்துச் செல்லவும்.'

சவரிமுத்து சட்டைப்பையில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு குளத்துக்குக் குளிக்கப் போனார். முங்கி எழுந்தால் பை காலி. வீட்டுக்கு ஓடி வந்து, "ஏட்டி, உனக்குச் சர்க்கரை இறங்குச்சுன்னா குளத்துத் தண்ணியைக் குடிச்சிரு, அதுலதான் இருக்கு" என்றார். அதற்கப்புறம் தண்ணீர் படாத இடமாகத் தேடி, பெரிய ட்ரம்மின் ஸ்குருவைக் கழற்றி உள்ளே அரைக் கிலோ டைமண்ட் கல்கண்டைக் கொட்டி, மறுபடி முறுக்கிவிட்டார். ட்ரம் போகிற இடமெல்லாம் இனி இனிப்பும் போகும். என்ன, அதற்குப் பிறகு அடித்தால் 'டம்' என்ற சத்தத்தோடு 'சலசல' என்று இன்னொரு சத்தமும் வந்தது. கேட்டவர்கள் புது மாதிரியாக இருக்கிறதே என்று பாராட்டினார்கள்.

அப்படி இருக்கையில் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையை மாதா கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும். பிலோமின் ஊசி போட்டுவிட்டாள். இட்லி வருகிறது வருகிறது என்றார்கள், அதற்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டது. பாதி வழியில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. மெஷினில் பார்த்தால் ஐம்பத்தெட்டு.

"மாமா, இறங்கிருச்சு. ஜூஸ் குடுங்க" என்றாள். ஆளுக்கொரு ஜூஸ் பாட்டில் அவளுக்கென்று மாமன்மார் கையில் இருந்தது.

"இரு தாயி, முறைப்படி செய்வோம்" என்று தாவீது அவள் போனில் ஐம்பத்தெட்டு என்று அடித்து அனுப்பினான். மூச்சு விடுவதற்குள் எல்லாப் போனிலும் மெசேஜ் வந்தது. 'சர்க்கரை குறைவு. வேலையை நிறுத்தி உட்காரவும். உடனே பழச்சாறு குடிக்கவும். 15 நிமிடம் காத்திருந்து மறுபடி சோதிக்கவும்.'

மூணு பேரும் நடுரோட்டில் சப்பென்று உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டிலை மடமடவென்று குடித்து முடித்தார்கள்.

"ஐயோ மாமா! அது எனக்கு!"

"எங்க போனுக்குல்லா வந்திருக்கு?" என்றான் மிக்கேல்.

"எனக்கு ரெண்டு வந்திருக்கு. இன்னொரு பாட்டில் குடிக்கணும்" என்று கவலைப்பட்டான் தாவீது. அவள் போனும் அவன் கையில்தானே இருந்தது.

பிலோமினுக்குக் கால் மடங்கியது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். ட்ரம்பெட் மடியில் விழுந்தது. "மூத்த மாமா... அம்மா பரண்ல போட்டுருவா" என்றாள். குரலே வரவில்லை.

சவரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்குரு கழற்ற ஸ்பானர் வீட்டில். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஓங்கி ஒரு குத்து. ட்ரம் தோல் டப்பென்று கிழிந்தது. கையை உள்ளே விட்டுக் கல்கண்டை அள்ளி அவள் கையில் வைத்தார். "மெல்லு தாயி, மெல்லு" என்று சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு பதினைந்து நிமிடம். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "உக்காரணும்னு போட்டிருக்கு சார்" என்று மிக்கேல் மெசேஜைக் காட்டினான். கோட்டுப் போட்ட மாப்பிள்ளை உட்கார்ந்தார். மாப்பிள்ளையே உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் நிற்க முடியுமா? நாற்பது பேர் உட்கார்ந்தார்கள்.

யாரோ சொல்லி மார்த்தா ஆட்டோவில் பறந்து வந்தாள். கிழிந்த ட்ரம்மைப் பார்த்தாள், கல்கண்டு மெல்லுகிற மகளைப் பார்த்தாள், தம்பி சவரிமுத்துவைப் பார்த்தாள். மகள் மடியிலிருந்த ட்ரம்பெட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

மறுபடி சோதித்தால் நூற்று நாலு. தாவீது அனுப்பினான், பதில் வந்தது. 'நல்லது. நிறுத்திய வேலையைத் தொடரலாம்.' எல்லோரும் எழுந்தார்கள், சவரிமுத்துவைத் தவிர.

"என்னண்ணே, எந்திரி" என்றான் மிக்கேல்.

"உனக்கு வந்துச்சு, நீ போ. எனக்கு இன்னும் வரலைல்லா?"

அவருடைய போன் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் சார்ஜ் இல்லாமல் செத்துப் போயிருந்தது. தம்பிகளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முன்னால் நின்ற பிலோமின், மூத்த மாமா ட்ரம்முக்குத் தோல் மாற்றப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து, பிரியாணியும் முடிந்து, மூணு மணிக்கு விஷயம் தெரிந்து அவள் ஓடி வந்தால், அவர் நடுரோட்டில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகிறது.

"எந்திரிங்க மாமா, எனக்குத்தான் சரியாயிட்டே!"

"நான் பாட்டுக்கு எந்திரிச்சு, உனக்குத் திருப்பி இறங்கிட்டா?"

பிலோமின் அவர் போனை வாங்கினாள். ஒரு ஆட்டோவை நிறுத்திப் போனுக்குச் சார்ஜ் போட்டாள். போன் உயிர் வந்து கணகணத்தது. 'நிறுத்திய வேலையைத் தொடரலாம்.'

சவரிமுத்து எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, ட்ரம்மைத் திருப்பி மறுபக்கத் தோலில் 'டம்' என்று அடித்தபடி கோயிலைப் பார்த்து நடந்தார். பிலோமினைத் தேடி வந்த தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். பிலோமின் சிரித்துக்கொண்டே ட்ரம்பெட்டை எடுத்து ஊதினாள். பின்னால் ஒரு எருமை மாடு மட்டும் வந்தது.

மதியத் தூக்கத்தில் இருந்த பங்குச் சாமியார் பதறி எழுந்து, கோயில் கதவைத் திறந்து, வாசலில் நின்று தேடினார். "மாப்பிள்ளை எங்கப்பா?"

"அவரு கல்யாணத்தையே முடிச்சிட்டாரு சாமி" என்றார் சவரிமுத்து. "அவருக்கு மெசேஜ் காலைலேயே வந்துட்டு."