டிக்கி சந்தையில எதை விக்கறது?

ஒரு ஊர்ல ஒரு காலனி. அந்தக் காலனியில ஒரு கோமளவல்லி. அவ வீட்டுக்காரர் பேரு தணிகாசலம். ம் கொட்டுடா, கொட்டினாத்தான் கதை நகரும். ஆங், அப்படித்தான். காலை மட்டும் என் மேல போடாத.

அவங்க வீட்டுல பின்பக்கம் ஒரு ரூம். கதவைத் தெறந்தா தடதடன்னு சாமான் மேல விழும். ஆனா அந்த ரூம் இப்போ வேணும். அவங்க பொண்ணு தாமரை தலைப்பிரசவத்துக்கு வரா, திங்கக்கிழமை ரயில். புள்ளத்தாச்சிப் பொண்ணு கூடத்துலயா படுப்பா, போறவங்க வர்றவங்க கால்மாட்டுல?

நல்ல வேளையா ஞாயித்துக்கிழமை காலனி மைதானத்துல டிக்கி சந்தை. அவங்கவங்க கார் டிக்கியத் தெறந்து வச்சு, வேண்டாத சாமானை விப்பாங்க. அன்னிக்குக் காலையிலேயே கோமளம் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு ரூமுக்குள்ள போனா.

மொதல்ல ஒரு டேபிள் ஃபேன். சுத்தாது, கர்ர்ர்னு கத்த மட்டும் செய்யும். கொண்டுபோய் டிக்கியில வச்சா. திரும்பிப் பாத்தா தணிகாசலம் அதைத் தூக்கிட்டு உள்ள வரார்.

"மோட்டார் நல்லா இருக்கு கோமளம்."

"ஓடலயே!"

"ஓடல. ஆனா நல்லா இருக்கு."

அப்புறம் மூட்டை நெறைய சைக்கிள் டயர். வீட்டுல சைக்கிளே கெடையாது. பொத்துன்னு டிக்கியில போட்டா. அதுவும் திரும்பி வந்துச்சு. "ஒருநாள் சைக்கிள் வாங்கினா?"ன்னாரு.

அப்புறம் பிடி இல்லாத குடை. மழைக்கு விரிச்சா மழையும் உள்ள வரும். அதையும் மார்போட அணைச்சுக்கிட்டு, "எப்பவும் என் சாமானையே எடுக்கறியே, பரண்ல உன் எவர்சில்வர் கெடக்கே, அதை வில்லேன்"னாரு.

கோமளத்துக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. "விக்கறேன். எல்லாத்தையும் விக்கறேன்!" கல்யாணத்துக்கு வந்த குடம், தூக்கு, தாம்பாளம் எல்லாம் டங்கு டங்குன்னு எறங்குச்சு. கல்யாணத்துக்கு வைக்கற பாத்திரத்துல குடுத்தவங்க பேரை வெட்டித்தான குடுப்பாங்க? அதனால சந்தையில ஒவ்வொண்ணையும் பேரு பின்பக்கம் போற மாதிரி திருப்பி வச்சுட்டு, அவ டீ வாங்கப் போனா.

ம் சொல்லு. தூங்கிட்டியா? முழிச்சுட்டுத்தான் இருக்கியா, சரி.

அந்த நேரத்துல தணிகாசலம் உதவி பண்ணாராம். வீட்டுலேருந்து புளியும் சாம்பலும் கொண்டாந்து போட்டு அத்தனை பாத்திரத்தையும் கரகரன்னு தேச்சு, பேரு பளிச்சுன்னு முன்னாடி தெரியற மாதிரி திருப்பி வச்சுட்டார். வாங்கறவங்களுக்கு நல்லா தெரியட்டும்னு! இந்த மனுஷனை என்ன பண்றது, நீயே சொல்லு.

கோமளம் டீயோட வரா. குடத்து முன்னாடி குனிஞ்சு நிக்கறது யாரு? கோமளத்தோட அம்மாவுக்குத் தங்கச்சி, பக்கத்துத் தெரு செண்பகம் சித்தி. குடத்துல இருக்கறதும் அவங்க பேருதான்.

"ஏண்டி, இது நான் வச்ச குடமில்ல?"

கோமளத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. பொய் சொல்லலாம்னு பாத்தா. ஆனா காலையிலேருந்து பட்ட எரிச்சல்ல உண்மைதான் வந்துச்சு. "ஆமா சித்தி, நீங்க வச்சதுதான். ஒருநாளும் இதுல தண்ணி புடிக்கல. தாமரை வரா, அவ படுக்க எடமில்ல. நான் என்ன பண்ணட்டும்?"

சித்தி மொறைச்சாங்க. அப்புறம் பக்குன்னு சிரிச்சுட்டாங்க. "நல்லதாப் போச்சு. குடத்தை நானே எடுத்துக்கறேன். எங்க பரண்ல உங்கம்மா எனக்கு வச்ச அண்டா கெடக்கு, அதை நீ எடுத்துக்கோ."

"ஐயோ சித்தி, வேணாம்!"

யாரு கேக்கறா? ஆட்டோவுல வச்சு வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரு தூக்கற அண்டா. தொம்முனு வாசல்ல எறங்குச்சு. சாயந்தரம் கோமளம் வந்து பாக்கறா, விளிம்புல அவ அம்மா பேரு. தனபாக்கியம். அம்மா போய் ரொம்ப வருஷம் ஆச்சு. அந்தப் பேரை யாரும் சொல்லியே பல நாளாச்சு. கோமளம் அண்டா பக்கத்துலயே உக்காந்துட்டா, கண்ணு நெறைஞ்சுடுச்சு.

"இதை அடுத்த சந்தையில வித்துடலாமா?"ன்னார் தணிகாசலம்.

"முடியாது. உள்ள வைக்கணும்."

"உள்ள ஏது எடம்?"

கோமளம் அந்தப் பின்பக்க ரூமைப் பாத்தா, அப்புறம் அவரைப் பாத்தா. அவ்வளவுதான், வெறுமனே பாத்தா. தணிகாசலம் தலையச் சொறிஞ்சார், பெருமூச்சு விட்டார், உள்ள போனார். அப்புறம் தடதட, டங்கு, கர்ர்ர்னு சத்தம். தன் சாமானை எல்லாம் அவரே தூக்கிட்டு வந்து பழைய இரும்புக்காரன் வண்டியில ஏத்தினார். ஒவ்வொண்ணுக்கும், "நல்ல மோட்டாரு", "நல்ல டயரு"ன்னு அவன்கிட்ட சொல்லிச் சொல்லி ஏத்தினார். அவன் தலையில அடிச்சுக்கிட்டான்.

திங்கக்கிழமை தாமரை வந்தா. காலை நீட்டிப் படுத்தா. சுவத்தோரமா அண்டா. அதைத் தடவிப் பாத்து, "பாட்டி பேரு! நம்ம வீட்டுல இது இருக்கறதே எனக்குத் தெரியாதேம்மா"ன்னா.

"எனக்கும் நேத்துதான் தெரியும்"னா கோமளம். சொல்லிட்டு, அம்மா பேரை ஒரு தடவை வாய்விட்டு, மெதுவா, படிச்சுக் காட்டினா.

கதையும் தீந்துது, என் தொண்டையும் காஞ்சுது. இன்னுமா முழிச்சுப் பாக்கற? கண்ணை மூடு, தூங்கு.