அடையின் பொருக்கு எங்கே?

மகரபூபதி என்று ஒரு ராஜா இருந்தார். சண்டை என்றால் அவருக்குத் தலைவலி வரும். சாப்பாடு என்றால் வந்த தலைவலியும் போய்விடும். அப்படி ஒரு பிறவி!

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊரில் பூவாயி என்பவள் வீட்டில் ஒதுங்கினார். அவள் அரிசி மாவில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்து சட்டியில் ஊற்றி, அடியில் தணல், மூடிமேலும் தணல் போட்டு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர் யாரென்று தெரியாமலே ஒரு துண்டை உடைத்து, சூடான சுக்குமல்லி நீரோடு கொடுத்தாள். சுற்றியிருந்த பொருக்கைக் கடித்தால் மொறுக்கென்றது. உள்ளே பஞ்சு! ராஜா சொக்கிப்போனார். மறுநாளே பல்லக்கு அனுப்பி, அரண்மனைச் சமையலுக்கு வரச்சொல்லிவிட்டார். பூவாயியும் வீட்டை விற்றுவிட்டு, சட்டியும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

வந்தும் என்ன பிரயோசனம்? அரண்மனையில் அந்த அடை ராஜாவின் தட்டுக்கு வந்தபோது கொழகொழவென்று இருந்தது.

"அன்றைக்குப் பல்லில் மொறுமொறுத்ததே, அது எங்கே?" என்றார் ராஜா.

பக்கத்தில் நின்ற சீராளர் பெருமூச்சு விட்டார். அவர்தான் ருசி பார்க்கும் அதிகாரி. ராஜா சாப்பிடும் எதிலும் விஷம் இருக்கிறதா என்று, முதலில் அவர் ஒரு நகக்கண் அளவு கிள்ளித் தின்று பார்க்க வேண்டும். அதுவும் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம்.

"எல்லாம் சோம்பேறித்தனம், மகாராஜா. தணலே சரியாகப் போடுவதில்லை. என் மைத்துனன் ஒருத்தன் இருக்கிறான், அருமையாகச் சமைப்பான்..." என்று இழுத்தார் சீராளர்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கும் அடை மொறுமொறுவென்று வராவிட்டால் பூவாயி இந்த நாட்டைவிட்டே போகட்டும்!"

பூவாயி அழுதுகொண்டே அமைச்சர் நல்லாண்டானிடம் ஓடினாள். சிக்கல் என்றால் அந்த அரண்மனையில் எல்லோரும் அவரிடம்தான் ஓடுவார்கள்.

"இருந்த வீட்டையும் வித்துட்டு வந்துட்டேனே ஐயா, இனி எங்க போவேன்? சுத்திலும் விரல் கனத்துக்குப் பொருக்கு வச்சுத்தான் இங்கேயிருந்து அனுப்புறேன். அங்க போனதும் எப்படிக் கொழகொழன்னு ஆகுதுன்னு அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்!"

அந்த நேரம் பார்த்து சீராளர் ஏப்பம் விட்டபடி அந்தப் பக்கமாக வந்தார். நல்லாண்டான் அவர் மீசையைப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சீராளரே, இடுப்புக் கச்சை புதிதா?"

"ஆமாம், பழையது எட்டவில்லை. துவைத்ததில் சுருங்கிவிட்டது."

"துணியைக் குறை சொல்லி என்ன செய்வது!" என்று சிரித்தார் நல்லாண்டான். சீராளர் போனதும் பூவாயியிடம் திரும்பினார். "நாளைக்கு இரண்டு அடை சுடு. ஒன்றை வழக்கம்போல அனுப்பு. மேலே ஏலக்காய்த் தூள் தூவு. இன்னொன்றைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு என் பின்னால் வா. நான் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதே."

மறுநாள். அழகாகச் சதுரமாக வெட்டிய அடையைச் சீராளர் ராஜாவின் முன்னால் வைத்தார். ராஜா கையை நீட்டினார்.

"நிறுத்துங்கள், மகாராஜா!"

நல்லாண்டான் மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னால் மூடிய சட்டியோடு பூவாயி.

"பெரிய தப்பு நடந்துவிட்டது! ஏலக்காய் என்று நினைத்து, பட்டத்து யானையின் பேதி மருந்தை எடுத்துப் பொருக்குமேல் தூவிவிட்டாள்!"

ராஜா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, சீராளர் தின்றுவிட்டாரே!"

"அவருக்கு ஒன்றும் ஆகாது. நகக்கண் அளவுதானே கிள்ளியிருப்பார்? அப்படித்தானே, சீராளரே?"

"ஆ... ஆமாம். நகக்கண் அளவுதான்." சீராளருக்கு வேர்த்துக் கொட்டியது. மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். யாராவது முழுப் பொருக்கையும் தின்றிருந்தால்?"

"அந்தக் கண்றாவியை ஏன் கேட்கிறீர்! யானைக்கே ஒரு சிட்டிகைதான். முதலில் வயிற்றுக்குள் கடமுடவென்று சத்தம் வருமாம். அப்புறம் தின்றவன் சபையில் நிற்கக்கூடாது. நின்றால் மானம் போய்விடும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது ஒரு சத்தம்.

கடமுட!

"ஐயோ, பொருக்கைத் துளி விடாம தின்னுட்டேனே!" என்று அலறிக்கொண்டு, புதுக் கச்சையைக் கையில் பிடித்தபடி ஓட்டம் பிடித்தார் சீராளர்.

"வைத்தியரைக் கூப்பிடுங்கள்!" என்று பதறினார் ராஜா.

"வேண்டாம், மகாராஜா. தூவியது ஏலக்காய்தான். அந்தச் சத்தம் பயத்தில் வந்தது."

ராஜாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. "அப்படியானால், இந்த ஒரு மாதமாக என் பொருக்கெல்லாம்?"

"அவருடைய இடுப்பில் இருக்கிறது, மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பூவாயி சட்டியைத் திறந்து, ஆவி பறக்க ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தாள். மொறுக்! ராஜாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு, தாயே. அரண்மனைக்குப் பக்கத்திலேயே உனக்கு வீடு கட்டித் தருகிறேன். எங்கேயும் போய்விடாதே. அந்தச் சீராளன் இனிமேல் யானைத் தீனியை ருசி பார்க்கட்டும்!"

பிறகு நல்லாண்டான் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வேண்டுமோ கேள். எதுவானாலும் தருகிறேன்."

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. அந்தப் பொருக்கில் ஒரு சின்னத் துண்டு கொடுங்கள், போதும்."

ராஜா சட்டியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பாதி ராஜ்யம் வேண்டுமா, எடுத்துக்கொள். பொருக்கில் மட்டும் கை வைக்காதே!"